லாயர் ஆபீசில் மூன்று வாரம்: அட்டாச்மெண்ட் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வருடம் எங்கள் ஆபீசுக்கு மூன்று வார அட்டாச்மெண்டுக்கு, அதாவது மாணவர் பயிற்சிக்கு, வந்த ஒரு தம்பி, இரண்டாம் நாளே பதினொரு பக்கத்துக்கு ஒரு மெமோ, அதாவது சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லும் குறிப்பு, எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். கேள்வி சின்னது. ஒரு கம்பெனியின் விற்பனை மேலாளர் வேலையை விட்டுவிட்டுப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். விலகிய பிறகு ஓராண்டுக்குப் போட்டியாளரிடம் வேலை செய்யக் கூடாது என்று அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைக் காட்டி அவரைத் தடுக்க முடியுமா?

தம்பி கோலாலம்பூரில் உட்கார்ந்தபடி இங்கிலாந்துப் பட்டத்துக்குப் படிக்கிறவர். 1894-ஆம் ஆண்டின் நோர்டன்ஃபெல்ட் வழக்கில் ஆரம்பித்து, தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்று லண்டன் தீர்ப்புகளை வரிசையாக அடுக்கி, ஓராண்டு நியாயமான காலம்தான், ஆகவே தடுக்கலாம் என்று முடித்திருந்தார். நடை அருமை. அடிக்குறிப்புகள் கச்சிதம். பதில்தான் தவறு.

நம் நாட்டில் ஒப்பந்தச் சட்டம் 1950 இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதன் 28-ஆம் பிரிவு சொல்கிறது. தடை நியாயமானதா, காலம் குறைவானதா என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமே இல்லை. வியாபாரத்தின் நற்பெயரை விற்பவர், கூட்டுத்தொழிலில் இருப்பவர்கள் என்று சில விதிவிலக்குகள் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர் அதில் வர மாட்டார். 1964-இல் ரிகிள்ஸ்வொர்த் எதிர் வில்சன் அந்தோணி என்ற வழக்கில் மாட்டிக்கொண்டவரே ஒரு வழக்கறிஞர்தான். ஆபீசை விட்டு விலகினால் கோத்தா பாருவிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் இரண்டு ஆண்டுக்குத் தொழில் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நம்முடைய 28-க்கு இந்தியாவின் 27 அண்ணன் முறை. இந்த மாதிரி விஷயத்தில் லண்டனை எட்டிப்பார்ப்பதைவிட டெல்லியை எட்டிப்பார்ப்பது பயன் தரும். கம்பெனியின் ரகசியத் தகவல்களை அவர் எடுத்துக்கொண்டு போனாரா என்பது தனிக் கேள்வி. எங்களுக்கு உண்மையில் உதவியிருக்கக்கூடியது அதுதான். மெமோவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்றரைப் பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. தம்பி செய்த தவறு சட்டம் தெரியாமல் போனது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் தெரியாததற்காக அட்டாச்மெண்ட் மாணவரை யாரும் கடிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. வேலையைக் கொடுத்தபோது 'சரி அக்கா' என்று தலையாட்டிவிட்டுப் போனவர், இரண்டு நாளும் என் கதவைத் தட்டவே இல்லை. முதல் மணி நேரத்திலேயே வந்து, 'நான் இந்த வழியில் போகிறேன், சரியா?' என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பிவிட்டிருப்பேன். கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் புரிகிறது.

வேலையை வாங்கும்போதே நோட்டுப் புத்தகமும் பேனாவும் கையில் இருக்கட்டும். கைப்பேசியில் குறிப்பெடுத்தால், எதிரில் இருக்கும் பார்ட்னருக்கு (ஆபீசின் பங்குதாரரான வழக்கறிஞருக்கு) நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பது போலத்தான் தெரியும். இதை யார் படிக்கப்போகிறார்கள், எத்தனை பக்கம், எப்போது வேண்டும், எவ்வளவு நேரம் இதில் செலவழிக்கலாம் என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். பார்ட்னர்கள் அவசரத்தில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். விழுங்கிய பாதி அப்போதுதான் வெளியே வரும்.

தேடும் வேலையில் இன்னொரு வகைச் சறுக்கல். பாடப் புத்தகத்தில் படித்த தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று பார்க்காமலே எழுதிவிடுவது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விதிகளுக்கு, 1995-ஆம் ஆண்டின் செல்வகுமார் எதிர் தியாகராஜா தீர்ப்புதான் நீண்ட காலம் வேதவாக்கு. உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபித்தாக வேண்டும் என்பதுதான் பொது விதியாக இருந்தது. பிறகு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் நிலையை மாற்றியது. 2019 எம்.எல்.ஜே. தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. எல்லா வழக்கிலும் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தொகை நியாயமற்றது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். சீனியர் மாணவர்களிடமிருந்து வாங்கிய பழைய நோட்ஸை நம்பி எழுதியவர்கள் இங்கே தலைகுப்புற விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சாட்ஜிபிடி பற்றி ஒன்றே ஒன்று. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், அது இட்டுக்கட்டிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். வழக்கின் பெயரைச் சி.எல்.ஜே., எம்.எல்.ஜே. போன்ற தீர்ப்புத் தொகுப்பில் திறந்து, நீங்கள் மேற்கோள் காட்டும் பத்தியைக் கண்ணால் பார்க்காமல் மெமோவில் சேர்க்காதீர்கள். கட்சிக்காரரின் ஒப்பந்தத்தை அதில் ஒட்டி 'சுருக்கிக் கொடு' என்று கேட்பது இதைவிட மோசம். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன் நான் அட்டாச்மெண்ட் செய்த இடத்தில், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடித்த ஒரு ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்து, 'கிராணியிடம் கொடுத்துவிடு, ஸ்டாம்பிங்குக்குப் போகட்டும்' என்றார்கள். நான் அப்போது ஒரு தீர்ப்பைச் சுருக்கும் மும்முரத்தில் இருந்தேன். இது பையன் வேலைதானே, அப்புறம் கொடுக்கலாம் என்று தட்டில் வைத்தேன். மேலே வேறு தாள்கள் வந்து விழுந்தன. கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும் என்பதும், தாமதித்தால் தண்டம் என்பதும், முத்திரையில்லாத ஒப்பந்தத்தை முத்திரைச் சட்டம் 1949-இன் 52-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது என்பதும் எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் ஒரு கிராணி அக்கா தன் பதிவேட்டில் விரலை வைத்து வரிசையாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் என் தட்டைக் கவிழ்த்து, அடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் நான்கு நாள் பாக்கியிருந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. நான் சுருக்கிய தீர்ப்பு என்னவென்று இன்று எனக்கே ஞாபகமில்லை.

கிராணிகளையும் டிஸ்பேட்ச் அண்ணன்களையும் அலட்சியமாகப் பார்ப்பது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. எந்தத் தாள் எந்த கவுண்டருக்குப் போகும், எஸ்.எஸ்.எம். (கம்பெனிப் பதிவு ஆணையம்) தேடலில் கம்பெனியின் இயக்குநர் பட்டியலை எப்படிப் படிப்பது, எந்த ஃபைலில் எது எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மலாயில் மரியாதையாக நான்கு வார்த்தை பேசுங்கள். மலாய் என்றதும் நினைவுக்கு வருகிறது: நீதிமன்றத் தாள்கள் மலாயில்தான் போக வேண்டும், ஆங்கிலம் கூடவே மொழிபெயர்ப்பாகப் போகலாம். எஸ்.பி.எம்.மோடு மலாயை மூட்டைகட்டி வைத்தவர்கள் முதல் பிரமாணப் பத்திரத்திலேயே விழிப்பார்கள். 'பிளெய்ன்டிஃப்' (வாதி), 'டிஃபென்டன்' (பிரதிவாதி), 'அஃபிடாவிட் ஜவாப்பான்' (பதில் பிரமாணப் பத்திரம்) இதெல்லாம் காதில் விழுந்து பழகட்டும்.

இனி ரகசியம். கட்சிக்காரரின் ஒப்பந்தத்தைச் சாட்ஜிபிடியில் ஒட்டக் கூடாது என்றதும் இதனால்தான். இதில்தான் விளையாட்டாகச் செய்த காரியம் வினையாகும். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் 1950-இன் 126-ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. 127-ஆம் பிரிவு வழக்கறிஞரின் கிராணிகளையும் பணியாளர்களையும் அந்தக் கட்டுக்குள் கொண்டுவருகிறது. இரண்டு வாரம் வந்து போகிறவர்தானே என்று உங்களை யாரும் விலக்கிவைக்க மாட்டார்கள். மேசையில் ஃபைலும் லாத்தேயும் சேர்ந்து தெரிகிற இன்ஸ்டாகிராம் படம் வேண்டாம். ஃபைலின் முதுகில் பெயர் எழுதியிருக்கும். எல்.ஆர்.டி.யில் நின்றுகொண்டு அன்றைய கூட்டத்தைப் பற்றித் தோழியிடம் சொல்ல வேண்டாம். கீழே மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு உட்காரும்போதும் அப்படியே. பக்கத்து மேசையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரே தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பார்; கோலாலம்பூர் அவ்வளவு சின்ன ஊர்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மாமா கேட்பார்: 'பெரிய ஆபீஸ்ல இருக்க, எந்தக் கம்பெனிய எவன் வாங்கப்போறான்னு தெரிஞ்சிருக்குமே?' சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் வெளிவராத செய்தியை நீங்கள் சொல்லி, அவர் பங்கு வாங்கினால், மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டம் 2007-இன் 188-ஆம் பிரிவு இருவரையும் தொடும். பத்தாண்டு வரை சிறை, கூடவே குறைந்தது பத்து லட்சம் ரிங்கிட் அபராதம். 'மாமா, ஃபோட்டோஸ்டாட் எடுக்கிற வேலைதான் தர்றாங்க' என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொள்ளுங்கள்.

அதே மாமா அடுத்த வாரம் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து 'இதுல கையெழுத்துப் போடலாமா?' என்பார். அதற்கும் பதில் சொல்லக் கூடாது. தகுதி பெறாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவதை வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976-இன் 37-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பட்டம், தேவையிருந்தால் சி.எல்.பி. தேர்வு, வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதச் சேம்பரிங் பயிற்சி எல்லாம் இன்னும் முன்னால் கிடக்கிறது.

நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனால் கறுப்பு வெள்ளை உடை, அணைத்த கைப்பேசி, உள்ளே நுழையும்போது தலைவணக்கம். அவ்வளவுதான். ஜாலான் டூத்தா வளாகத்துக்குக் காலை நேரத்தில் கிராப் பிடித்தால் எப்போது போய்ச் சேருவீர்கள் என்று சொல்ல முடியாது, சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.

கடைசி நாளில் நடக்கும் தவறு ஒன்று பாக்கி. 'மாதிரிக்கு இருக்கட்டும்' என்று ஆபீஸ் ஒப்பந்தங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டோ, சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டோ போவது. அவை கட்சிக்காரருடையவை. ஆபீஸ் கணினியிலிருந்து வெளியே போகும் மெயில் எல்லாம் பதிவாகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் எழுதிய மெமோவே வேண்டுமென்றால், பெயர்களையும் தொகைகளையும் கறுப்படித்துத் தர முடியுமா என்று பார்ட்னரிடம் நேரில் கேளுங்கள். கேட்ட கையோடு, அந்த மெமோவில் எந்த வரியை அவர் மாற்ற வேண்டியிருந்தது என்றும் கேளுங்கள். அந்தப் பதினொரு பக்கத் தம்பி கேட்டார். சிவப்பு மை போட்ட பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.