சிறுநீர்க் கணக்கு: மருத்துவரைப் பார்க்கும் முன் மூன்று நாள் எழுதுங்கள்

அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சொல்பவரிடம், நாளுக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று சிறுநீரியல் மருத்துவர் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். அந்தக் கேள்விக்கான விடையை ஆணும் பெண்ணும் வீட்டிலேயே மூன்று நாளில் எழுதிவிடலாம். மூன்றும் அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை.

மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிப்பறைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சமையலறைக் குவளையை எடுத்துப் போய் வீட்டில் சண்டை மூண்டால் நான் பொறுப்பல்ல. ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் குறியுங்கள். குடித்த காபி, மோர், தண்ணீர் எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சிறுநீர் கசிந்திருந்தால் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைச் சேருங்கள். ஏனென்றால் இருமும்போதும் குடம் தூக்கும்போதும் கசிவது வேறு, அடக்க முடியாத அவசரத்தில் கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிவது வேறு. இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு. படுத்த பின் கழித்ததோடு காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இப்படி ஒரு பக்கம் இருப்பதாகக் கொள்வோம்: பகல் முழுவதும் 900 மி.லி., நள்ளிரவு 1.15க்கு 350, 3.40க்கு 400, காலை 6 மணிக்கு 350. எழுபது வயது ஆண் என்றால் உடனே புராஸ்டேட் (நீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பி) வீக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் நிறையவே கழிகிறது. மொத்தம் 2,000 மி.லி.யில் 1,100 இரவில் போயிருக்கிறது. முதியவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே, கோளாறு நீர்ப்பையில்தான் என்று சொல்லிவிட முடியாது. கால் வீக்கம், இதய பலவீனம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மாறாக, முறைக்கு 80, 100 என்று சொட்டுக் கணக்கில் போனால் நீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிப்பதில் பொருள் உண்டு.

வாயால் சொல்லக் கூசுவதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை என்பதால், விறைப்புக் குறைவு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முந்தியே எட்டிப்பார்க்கும் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உறவின்போது வலியும், வறட்சியும், திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பும் சேர்ந்திருந்தால், அதை உடல்சூடு என்று இளநீரோடு விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவே மூன்றுக்கும் காரணமாகலாம், பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குப் பலன் தருகிறது.

சிறுநீரில் ரத்தம் வந்தால், வலியே இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குளிர்காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தாலும், சிறுநீர் அடியோடு நின்றாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பையனுக்கு விதைப்பையில் திடீரென்று கடும் வலி எடுத்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.