பள்ளி கோல்ஃப் சீசனுக்கு முன் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி கோல்ஃப் எல்லா மாநிலத்திலும் ஒரே நேரத்தில் வராது. ஒஹாயோவில் பையன்களுக்கு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும், டெக்சாஸில் வசந்த காலம். எங்கே ஆனாலும், டிரைஅவுட்டுக்கு (அணித் தேர்வுக்கு) வரும் புதுப் பிள்ளைகள் நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். தலையைத் தூக்காதே, கிரிப்பை இறுக்காதே என்பதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

பொய்க் கணக்கு

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். கோடை முழுக்க அப்பாவோடும் நண்பர்களோடும் ஆடுவார்கள். முதல் டீயில் (ஹோலைத் தொடங்கும் இடத்தில்) அடித்த பந்து மரத்துக்குள் போனால், "சரி, இன்னொன்று அடி" என்று கணக்கில் வராத ஒரு மல்லிகன். குழிக்கு மூன்றடியில் நின்றால், "கிம்மி, எடுத்துக்கோ", போடாமலே விழுந்ததாகக் கணக்கு. கடைசியில் 84 ஸ்ட்ரோக் (பந்தை அடித்த எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது) என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். சின்ன ஆட்டம் (குழிக்குப் பக்கத்தில் ஆடுவது) சரியாக இருக்கிறது, டிரைவரில் (தூரம் அடிக்கும் மட்டையில்) இன்னும் இருபது கெஜம் கூட்டினால் போதும் என்று அந்த 84-ஐ நம்பி முடிவும் எடுப்பார்கள்.

அப்படி வந்த ஒரு பையன். நான்காவது ஹோலில் அவனுடைய இரண்டடி பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) குழி விளிம்பில் சுற்றி வெளியே வந்து நின்றது; ஒரு சாண்கூட இல்லை. பழக்க தோஷம், குனிந்து பந்தை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் ஆட்டத்தில்) பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். பந்து இருந்த இடத்தைக் குறியிடாமல் எடுத்ததற்கு ஒரு ஸ்ட்ரோக் தண்டம். திரும்ப வைத்து முடிக்காமல் அடுத்த டீயில் அடித்திருந்தால் தகுதிநீக்கம். கூட ஆடியவன் கூப்பிட்டதால் தப்பித்தான். ஆனால் அப்புறம் வந்த ஒவ்வொரு சின்ன பட்டுக்கும் கை நடுங்கியது. கோடை முழுக்க மூன்றடி பட்டைப் போட்டே பார்க்காதவனுக்கு வேறென்ன ஆகும்? அன்றைக்கு அட்டையில் நூறைத் தாண்டினான்.

தொலைந்த பந்தும் அப்படித்தான். தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் டீக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும், அது மூன்றாவது ஸ்ட்ரோக். சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன்பே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் அது செல்லாது.

வாரத்துக்கு ஒரு ரவுண்டாவது மல்லிகன், கிம்மி இல்லாமல் ஆடுங்கள். பட்டுகளையும் தண்டங்களையும் தனியாகக் குறித்துவையுங்கள். ஸ்கோர் எங்கே ஒழுகுகிறது என்று அந்த அட்டையே காட்டும்.

ரேஞ்ச் பாய் (பயிற்சித் திடலில் விரித்திருக்கும் விரிப்பு)

பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும், கிளப் (மட்டை) பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லில் மண்தான் பறக்கும். புல் உள்ள ரேஞ்சைத் தேடுங்கள்.

புது கிளப்

சீசன் நெருங்கும்போது வேண்டாம்.

பை

14 கிளப்தான் அனுமதி. அப்பாவின் பழைய வெட்ஜ் ஒன்று உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் ஆடிப் பழகியவர்கள் பையைத் தூக்கி நடந்தும் பழகுங்கள்.

ஸ்கோர் அட்டை

1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது ஹோலில் எடுத்தது 3. அட்டையில் 4 என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த 4-ஏ நின்றது. பிளே-ஆஃப் போயிருக்க வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் பொதுவாகத் தகுதிநீக்கம்தான். கூட்டல் தவறினால் பரவாயில்லை, அது கமிட்டியின் வேலை. ஒவ்வொரு ஹோலின் எண்ணும் சரியா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.