அனுப்பினது வேற, போய் சேர்ந்தது வேற: சுகாதாரத்துறை ஊழியர்களுக்கு தகவல் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதன்கிழமை காலைல எட்டு மணி. கே.வி.குப்பம் பக்கம் ஒரு கிராமத்துல நர்சம்மா தடுப்பூசி பெட்டிய தோள்ல மாட்டிக்கிட்டு அங்கன்வாடிக்கு கெளம்பறாங்க. போன்ல முந்தின நாள் நைட்டு 10.40க்கு வந்த பதினாலு பக்க பிடிஎஃப் ஒண்ணு திறக்காமயே கெடக்குது, அதுக்கு கீழ நாப்பது பேரு "நோட்டட் சார்", "ஓகே மேடம்"னு போட்டிருக்காங்க, இவங்களும் போட்டாச்சு. அந்த பிடிஎஃப்ல பதினோராவது பக்கத்துல ஒரு வரி இருக்கு, இன்னைக்கு இவங்க செய்யப்போற வேலைய மாத்தற வரி. அது இவங்களுக்கு தெரியாது. இவங்களுக்கு தெரியலங்கறது அனுப்பின ஆபீசருக்கும் தெரியாது, அவரு நாப்பது நோட்டட்ட பார்த்துட்டு நிம்மதியா தூங்கிட்டாரு.

நான் வேலூர் மாவட்டத்துல ரொம்ப வருஷம் விஹெச்என்னா, அதாவது கிராம சுகாதார செவிலியரா ஃபீல்டுல இருந்தவ, அப்புறம் மேற்பார்வை வேலைக்கு வந்து இதே மாதிரி மெசேஜ நானும் அனுப்பியிருக்கேன். ரெண்டு பக்கமும் இருந்து பார்த்ததால இத எழுதறேன். பிஎம்ஓ (வட்டார மருத்துவ அலுவலர்), எஸ்ஹெச்என் (பகுதி சுகாதார செவிலியர்), ஹெச்ஐ (சுகாதார ஆய்வாளர்), மாவட்ட ஆபீஸ்ல உக்காந்து குரூப் நடத்தறவங்க, கீழ நாலு பேருக்காவது தகவல் சொல்ற இடத்துல இருக்கற எல்லாரும் படிக்கணும்னு ஆசை.

முதல் தவறு, எல்லாத்தையும் விட பெரிய தவறு, மேல இருந்து வந்தத அப்படியே கீழ தள்ளிவிடறது. சென்னைல இருந்து மாவட்டத்துக்கு ஒரு லெட்டர் வருது, அது மாவட்ட ஆபீசருக்காக எழுதினது, அதுல அரசாணை நம்பர் இருக்கும், பார்வை ஒன்று பார்வை இரண்டுன்னு இருக்கும், எந்த கமிட்டி எப்ப கூடிச்சுன்னு இருக்கும். மாவட்டம் அத வட்டாரத்துக்கு ஃபார்வர்ட் பண்ணுது, வட்டாரம் பிஹெச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்), பிஹெச்சி சப் சென்டருக்கு (கிராமத்துல இருக்கற துணை சுகாதார நிலையம்). நாலு கை மாறியும் ஒருத்தர் கூட "இதுல சப் சென்டர்ல இருக்கறவங்க நாளைக்கு காலைல என்ன செய்யணும்?"னு யோசிச்சு ரெண்டு வரி சேர்க்கல. நடுவுல இருக்கற ஆபீசரோட வேலையே அந்த ரெண்டு வரிதான்னு நான் நினைக்கறேன். லெட்டர கடத்தி விடறதுக்கு ஒரு ஆள் தேவையே இல்ல, போனே செஞ்சுடும்.

ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம ஊர் வெயில் தெரியும், மே மாசத்துல நாப்பது டிகிரிய தாண்டறது சாதாரணம். தடுப்பூசி நேரத்த முன்னால தள்ளணும்னு ஒரு வட்டாரத்துல முடிவு பண்றாங்கன்னு வைங்க. "கோடை வெப்ப அலையினை முன்னிட்டு முகாம் நேரத்தினை தகுந்தவாறு மாற்றி அமைத்து செயல்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது"ன்னு அனுப்பினா என்ன ஆகும்? தகுந்தவாறுன்னா ஒருத்தருக்கு எட்டு மணி, இன்னொருத்தருக்கு ஒம்போது மணி, அங்கன்வாடி டீச்சருக்கு யாரும் சொல்லவே இல்ல, தாய்மாருங்க பழைய நேரத்துக்கு கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு வெயில்ல வந்து நிக்கறாங்க. அதையே இப்படி எழுதலாம்:

"எல்லா விஹெச்என்னுக்கும். இந்த புதன்ல இருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் தடுப்பூசி காலை 8.30க்கு ஆரம்பிக்கணும். அங்கன்வாடி டீச்சருக்கும் தாய்மாருக்கும் செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. காரணம், பதினோரு மணிக்கு மேல கைக்குழந்தைங்க வெயில்ல வரக்கூடாது. ஊசி போட்டப்புறம் அரை மணி நேரம் உக்கார வைக்கறது மாறல. தடுப்பூசி 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணுங்கறதும் மாறல. ஏடிபில (முன்கூட்டியே போடற டூர் பிளான்ல) மாத்தறது எங்க பொறுப்பு. சந்தேகம்னா மத்தியானம் 2ல இருந்து 3க்குள்ள எஸ்ஹெச்என்ன கூப்பிடுங்க."

அவ்வளவுதான். லெட்டர் வேணுங்கறவங்களுக்கு கீழ சேர்த்து அனுப்புங்க, தப்பில்ல. இதுல "மாறல"ன்னு ரெண்டு வாட்டி எழுதினேன் பாருங்க, அத நெறைய பேர் விட்டுடறாங்க. ஒண்ணு மாறுதுன்னு சொன்னா கூடவே எது எல்லாம் மாறலன்னும் சொல்லணும், இல்லன்னா ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டு நல்லா நடந்துக்கிட்டு இருக்கற வேலையும் சேர்ந்து மாறிப்போயிடும்.

அடுத்தது காரணம் சொல்லாம உத்தரவு மட்டும் போடறது. கொரோனா நேரத்துல இத நாங்க ரொம்ப அனுபவிச்சோம். 2021 ஜனவரி 16 தடுப்பூசி ஆரம்பிச்சப்போ கோவிஷீல்டு ரெண்டாவது ஊசிக்கு 28 நாள் இடைவெளி. மார்ச் 22ஆம் தேதி எட்டு வாரம் வரைக்கும் போகலாம்னு மாறிச்சு, மே 13ஆம் தேதி 12ல இருந்து 16 வாரம்னு திரும்ப மாறிச்சு. இங்கிலாந்துல ஊசி போட்டவங்ககிட்ட கெடச்ச தகவல வச்சு இடைவெளிய கூட்டறோம்னு மத்திய அரசு காரணம் சொல்லிச்சு, ஆனா அந்த காரணம் எங்க கைக்கு வரல, தேதி மட்டும்தான் வந்துச்சு. வாசல்ல நின்னு ஒரு பெரியவரு கேக்கறாரு, "ஏம்மா, போன மாசம் 28 நாள்னு சொன்ன, இப்ப மூணு மாசம்னு சொல்ற, ஊசி கையில இல்லன்னுதான இப்படி இழுக்கறீங்க?" எனக்கு பதில் தெரியல. மேல இருந்து சொல்லிட்டாங்கய்யான்னேன். அந்த ஒரு பதில்ல அவருக்கு எம்மேல இருந்த நம்பிக்கை எவ்வளவு கொறஞ்சிருக்கும்னு இன்னைக்கு நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அந்த வீட்டுக்கு நான் மூணு பிரசவம் பார்த்திருக்கேன்.

கொசு ஒழிப்பு வேலைலயும் இதேதான். வாரம் ஒரு தடவ தண்ணி தொட்டிய தேய்ச்சு கழுவ சொல்லுங்கன்னு டிபிசிங்களுக்கு, அதாவது வீடு வீடா போய் கொசுப்புழு இருக்கான்னு பார்க்கற ஊழியருங்களுக்கு உத்தரவு போகும். டெங்கு கொசு முட்டைல இருந்து புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டி கொசுவா பறக்க ஏழுல இருந்து பத்து நாள் வரைக்கும் ஆகுது, அதனாலதான் வாரம் ஒரு தடவ, முட்டை தொட்டி ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் சாகாம கெடக்கும், அதனாலதான் தண்ணிய கொட்டினா மட்டும் பத்தாது தேய்க்கணும்னு ரெண்டு நிமிஷம் சொல்லிக் குடுத்தா, அந்த ஆளு வீட்டுக்காரங்ககிட்ட பேசற தோரணையே மாறிடும். அவரு கையில ஒரு பதில் இருக்கு, அதான் வித்தியாசம்.

டிவில வந்தப்புறம் ஊழியருக்கு சொல்றதும் தப்பு. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா முகாம், 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் ஊசி, அது ஆரம்பிக்கறப்பவே வாட்ஸ்அப்ல வதந்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. அம்மாக்கள் போன்ல வீடியோவ காட்டி கேக்கறாங்க, எங்க போன்ல அதுக்கு ஒரு வரி பதிலும் இல்ல. முழு விவரம் ரெடியாகறதுக்கு முன்னாடி கூட "இது வதந்தி, சரியான விவரம் மத்தியானத்துக்குள்ள வரும், அதுவரைக்கும் இத மட்டும் சொல்லுங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும். நம்ம மாவட்டத்துல இன்னொண்ணும் இருக்கு, பேர்ணாம்பட்டுல உருது பேசற வீடுங்க, காட்பாடி குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசற வீடுங்க, அவங்ககிட்ட சொல்ல வேண்டிய வாக்கியத்த அந்த பாஷைலயே ஒரு சிஸ்டர்கிட்ட பேச சொல்லி வாய்ஸ் நோட்டா போட்டா எவ்வளவோ உதவி.

வாட்ஸ்அப் குரூப்ப பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒரே ஆளு ஏழெட்டு குரூப்ல இருப்பாங்க, உத்தரவும் பொறந்தநாள் வாழ்த்தும் ஒரே குரூப்ல வேணாம். பழைய உத்தரவு மாறினா "இது 12ஆம் தேதி மெசேஜுக்கு பதிலா"ன்னு தேதியோட எழுதுங்க. நைட்டு பத்துக்கு மேல அவசரம் இல்லாதத அனுப்பாதீங்க. அணைக்கட்டு ஒன்றியத்துல பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு மாதிரி மலை பஞ்சாயத்துங்கள்ல டவர் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கெடைக்காது, அங்க இருக்கறவங்களுக்கு போன் போட்டு சொல்லணும், போன் போகலன்னா மலைக்கு போற வண்டில பேப்பர் குடுத்து அனுப்பணும். அப்புறம் குரூப்ல யார் யார் இல்லன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க. டிபிசி, டிரைவர், துப்புரவு பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போய் பிரஷர் சுகர் பார்க்கற பெண் தன்னார்வலருங்க, இவங்க எல்லாம் விட்டுப் போயிருப்பாங்க. ஜனங்க கேள்வி கேக்கறது அதிகமா இவங்ககிட்டதான்.

இப்ப சொல்லப்போறது கொஞ்சம் கசப்பா இருக்கும். தகவல் சொல்ற குரூப்லயே ஊழியர அசிங்கப்படுத்தறது. கடைசி பத்து சப் சென்டர்னு செவப்பு கலர் போட்டு லிஸ்ட், கீழ "விளக்கம் தேவை"ன்னு ஒரு வரி. நான் வேலை செஞ்ச ஒரு வட்டாரத்துல வாரா வாரம் இது நடந்துச்சு. காய்ச்சல் கேஸ் அதிகமா காட்டின சப் சென்டர ரிவியூ மீட்டிங்ல எழுந்து நிக்க வச்சு "உங்க ஏரியால மட்டும் ஏம்மா இவ்வளவு?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் அங்க காய்ச்சல் கொறஞ்சுடுச்சு. காய்ச்சல் கொறையல, எழுதறது கொறஞ்சுச்சு. நோய் கண்காணிப்புக்காக சந்தேக கேஸ நாங்க எஸ் ஃபார்ம்ல போடணும், டாக்டர் பார்த்து போடறது பி ஃபார்ம், லேப் ரிசல்ட் எல் ஃபார்ம், இதுல எஸ் ஃபார்ம்தான் எல்லாத்துக்கும் முன்னாடி மணி அடிக்கறது. அந்த மணிய அடிச்சவங்களையே நிக்க வச்சு திட்டினா அடுத்த தடவ யாரு அடிப்பாங்க? அதிகமா கேஸ் வந்தா "சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க, நாளைக்கு டீம் அனுப்பறேன்"னு எல்லாரும் பார்க்கற மாதிரி எழுதுங்க. குறை இருந்தா தனியா கூப்பிட்டு பேசுங்க, அந்த சப் சென்டர்ல ரெண்டு போஸ்ட் காலியா இருக்கலாம், கர்ப்பிணிங்க விவரத்த பதியற பிக்மி வெப்சைட்ல என்ட்ரி போட நெட் இல்லாம இருக்கலாம்.

தெரியாதத பத்தி வாயே திறக்காம இருக்கறதும் ஒரு தவறு. 2019ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மாவட்டம் மூணா பிரிஞ்சப்போ எங்கள்ல நெறைய பேருக்கு நாம எந்த மாவட்டம், டிரான்ஸ்பர் வருமா, சீனியாரிட்டி என்ன ஆகும்னு பயம். மேல யாரும் பேசல, அதனால டீக்கடைல பேசினதுதான் உண்மையாச்சு. கான்ட்ராக்ட் ஸ்டாஃபுக்கு சம்பளம் லேட் ஆனாலும் இதே கதைதான், "கூடிய விரைவில்"னு ஒரு வார்த்தை வரும். "பில்லு ட்ரெஷரில இருக்கு, வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டுட்டு, ஆனாலும் ஆகலன்னாலும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு சொல்றேன்"னு சொல்லிட்டு அந்த அஞ்சு மணிக்கு நிஜமாவே சொன்னா ஜனங்க பொறுத்துக்குவாங்க. நான் பார்த்திருக்கேன்.

கடைசியா, புரிஞ்சுதான்னு கேக்கறது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு மீட்டிங்ல கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க, ஆபீசர் முன்னாடி புரியலன்னு சொல்ல யாருக்கு தைரியம் வரும். எங்ககிட்ட ஒரு பிஎம்ஓ மேடம் இருந்தாங்க, அவங்க மாசாந்திர மீட்டிங் முடியறப்போ தலையாட்டறத பார்க்கவே மாட்டாங்க. பின்னாடி வரிசைல உக்காந்திருக்கற டிபிசி பொண்ணு ஒருத்திய பேர் சொல்லி கூப்பிட்டு, "நான் சரியா சொன்னேனான்னு எனக்கு தெரியணும், நாளைக்கு நீ மொதல் வீட்டுல போய் என்ன சொல்லுவன்னு என்கிட்ட சொல்லும்மா, நான்தான் அந்த வீட்டுக்காரி"ம்பாங்க. ஒரு தடவ அந்த பொண்ணு கொசுப்புழு மருந்து ஊத்தற அளவ தப்பா சொன்னா. மேடம் அவள ஒண்ணும் சொல்லல, "அப்ப நான்தான் கொழப்பியிருக்கேன்"னு போர்ட அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து எழுதினாங்க, அப்ப பார்த்தா எங்கள்ல பாதி பேரு நோட்ல அதே தப்பு அளவதான் எழுதி வச்சிருந்தோம்.