கூகுள் ஸ்கொலரில் வந்தால் ஆய்வுக் கட்டுரையா?

உசாத்துணை தேடும் மாணவர்களிடம் அதிகம் காணும் பிழை, எழுதியவர் பேராசிரியர் என்றால் போதும், அது ஆய்வுக் கட்டுரைதான் என்று நினைப்பது. கொழும்பில் டெங்கு கூடும் மாதங்களில் ஞாயிறு பத்திரிகைக்குப் பேராசிரியர்களும் எழுதுவார்கள். நல்ல கட்டுரையாகவே இருக்கும். ஆனால் அச்சேறுமுன் அதைப் பார்த்தவர் பத்திரிகை ஆசிரியர் மட்டுமே. அதே பேராசிரியர் 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலுக்கு ஓர் ஆய்வை அனுப்பினால், அந்தத் துறை தெரிந்தவர்கள் வாசித்துக் குடைவார்கள், திருத்தச் சொல்வார்கள், சிலவேளை வேண்டாம் என்றும் திருப்பிவிடுவார்கள். மீளாய்வு எனப்படும் அந்தச் சோதனை நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

‘பப்பாசி இலைச்சாறு டெங்கு நோயாளரின் குருதிச் சிறுதட்டுகளைக் கூட்டுவதாக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.’ பத்திரிகையில் விஷயம் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். எந்த ஆய்வாளர்கள்? ஆய்வுச் சஞ்சிகையில் அப்படித் தப்ப முடியாது. எத்தனை நோயாளர், எந்த வைத்தியசாலை, சாறு குடிக்காத குழுவோடு ஒப்பிட்டார்களா, சாறு இல்லாமலே நோய் தணியும்போது சிறுதட்டுகள் ஏறுமே, அதை எப்படிக் கழித்தார்கள் என்றெல்லாம் எழுதியாக வேண்டும். முறையியல் பகுதியைத் தேடிப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

சஞ்சிகை நல்லது என்பதற்காக அதிலுள்ள எல்லாமே ஆய்வாகிவிடாது. ஆசிரியர் தலையங்கம், கடிதம், நூல் மதிப்புரை எல்லாம் வேறு வகை. நேச்சர் என்னும் அறிவியல் இதழிலேயே செய்தியாளர் எழுதும் பக்கங்கள் உண்டு.

‘கூகுள் ஸ்கொலரில்தானே எடுத்தேன்’ என்பதும் எடுபடாது. மீளாய்வுக்கே போகாத முன்வரைவும் மாணவர் ஆய்வேடும் கல்விசார் எழுத்துகளைத் தேடித் தரும் அந்தத் தளத்தில் கலந்துதான் வரும். காசு கட்டினால் மூன்றே நாளில் போடுகிறோம் என்னும் ‘இன்டர்நேஷனல் ஜேர்னல்’களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மீளாய்வு முடிந்ததால் உண்மை என்றும் ஆகாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வந்தது பேர்போன மருத்துவச் சஞ்சிகையான லான்செட்டில். வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. அதை மீளப்பெற 2010 ஆனது. ஆகவே மேற்கோள் காட்டுமுன் கட்டுரை மீளப்பெறப்பட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுப் பத்திரிகையையே ஒதுக்குகிறவர்களும் உண்டு. அதுவும் பிழை. மலையக மக்களின் பிரஜாவுரிமை பறிபோன 1948ஐப் பற்றி எழுதுகிறவருக்கு, அந்த ஆண்டு வீரகேசரிதான் முதல்நிலைச் சான்று. நடந்ததற்கு மட்டுமல்ல, நடந்ததை அன்று எப்படிச் சொன்னார்கள் என்பதற்கும். திகதியையும் பக்கத்தையும் குறித்துத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.