வீட்டைப் பசுமையாக்கப் போய் நாங்கள் செய்த தவறுகள்

எங்கள் வீட்டு சிங்க்குக்குக் கீழே ஒரு சாக்குப் பை இருக்கிறது. பார்சல் சாப்பாடு வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து அதில்தான் போடுகிறோம். போன மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். 23 டப்பா. குப்பையைக் குறைக்க மூன்று வருடமாகப் பாடுபடும் வீட்டில் ஒரே மாதத்தில் சேர்ந்தவை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சென்னையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், எட்டாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள். எங்களைப் போல ஆசையோடு தொடங்கும் குடும்பங்கள் பல, சில மாதத்திலேயே அலுத்துப்போய் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். நாங்களும் இரண்டு முறை விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தவர்கள்தான். எங்கே தடுக்கினோம் என்று சொன்னால் யாருக்காவது உதவும்.

இருப்பதை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது

முதல் வாரமே சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வரிசையாகக் கண்ணாடி ஜாடி வாங்கி அடுக்கினேன். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பை என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஒவ்வொன்றும் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சுற்றி வந்தது. அத்தை மட்டும் கேட்டார்: "நல்லாத்தானேம்மா இருந்துச்சு அந்த டப்பா, துவரம்பருப்பு போட்டு வெச்சிருந்தேனே?" அன்றைக்கு எனக்குப் பதில் இருந்ததாக நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் கேட்டதுதான் சரி. ஏற்கெனவே செய்து முடித்த பொருளை அது தேயும் வரை பயன்படுத்துவதைவிடப் பசுமையான வழி கிடையாது. உணவுக்கு வேண்டாம் என்று தோன்றினால் ஆணி, நூல்கண்டு போட்டு வைக்கலாம்.

துணிப்பையிலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, போகிற விழாவில் எல்லாம் பை கொடுத்தார்கள். தாம்பூலப் பை வேறு. ஒரு நாள் எண்ணினால் வீட்டில் 31 பை. பருத்தி விளைவிக்க ஆகும் தண்ணீர், உரம், நூற்று நெய்யும் செலவு எல்லாம் சேர்த்தால், ஒரு பருத்திப் பையை 50 முதல் 150 முறையாவது பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது ஒரு பிளாஸ்டிக் பையைவிட மேல் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2020 அறிக்கை. ஆக, ஐந்து பை போதும், அவை கிழியும் வரை. இப்போது விழாக்களில் பையை நீட்டினால், "வேண்டாங்க, வீட்டுல இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டோம். பை எத்தனை இருந்தாலும் கடைக்குப் போகும்போது கையில் இல்லையென்றால் பயனில்லை என்பதால், வண்டி டிக்கியில் இரண்டு எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அன்றிரவே திரும்ப வைத்துவிட வேண்டும். அதை மறக்கும் நாட்கள் இன்னும் இருக்கின்றன.

ஈரக் கழிவை மட்டும் கொட்டி மூடி வைப்பது

வீட்டில் உரம் போடுவதை நிறைய பேர் பாதியில் விடக் காரணம் நாற்றம். நாங்கள் விட்டதும் அதனால்தான். பால்கனியில் ஒரு பெயிண்ட் வாளியில் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், காபித் தூள், மிஞ்சிய சாம்பார் சாதம் என எல்லாவற்றையும் கொட்டி இறுக்க மூடினேன். பத்தாவது நாள் திறந்தபோது அடியில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி, அழுகல் வாடை முகத்தில் அடித்தது. மேலே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. மகள் அழுதுவிட்டாள். வாளியோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

நடந்தது இதுதான். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஈரக் கழிவு மட்டும் இருந்தால் அது அமுங்கிச் சேறாகிக் காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் மக்குவதற்குப் பதில் அழுகும். ஒரு கை ஈரக் கழிவு போட்டால் அதே அளவோ கொஞ்சம் கூடவோ காய்ந்த பொருள் மேலே விழ வேண்டும். இலைச் சருகு, தென்னை நார்த் தூள், கிழித்த செய்தித்தாள், முட்டை அட்டை எதுவானாலும் சரி. வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த உணவைத் தொடக்கத்தில் போடாமல் இருப்பது நல்லது. புழு வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். அவை கடிக்காது, மக்கவும் உதவும். சருகு போட்டு ஈரத்தைக் குறைத்தால் தானே குறைந்துவிடும்.

இரண்டாவது முறை அத்தைதான் பொறுப்பெடுத்தார். தெருமுனையில் பெருக்கிக் குவித்த வாதாம் மரச் சருகை ஒரு மூட்டை அள்ளி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாவது மாதம் வாளியைச் சாய்த்தபோது மழை பெய்த மண் வாசனை. கையில் எடுத்தால் காபித் தூள் மாதிரி உதிர்ந்தது. நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பா இது என்று மாற்றி மாற்றி மோந்து பார்த்தோம்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. பால்கனி நனைந்தது, சருகும் தீர்ந்தது. இரண்டு மாதம் எல்லாக் குப்பையையும் ஒரே கவரில் கட்டிக் கீழே வைத்தோம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. பிரிக்காத குப்பை பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற கிடங்குகளில் மலையாய்ச் சேர்ந்தால், அடியில் புதைந்த உணவுக் கழிவு காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. உரம் போட முடியாத மாதத்திலும் ஈரக் கழிவைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் கொடுத்திருக்கலாம். ஒன்று முடியவில்லை என்றதும் அடுத்ததையும் சேர்த்துக் கைவிட்டதுதான் தவறு.

கண்ணில் படுவதையே பெரிது என்று நினைப்பது

பாத்ரூம் லைட்டை அணைக்காமல் வந்ததற்குப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் அறை ஏசி இரவெல்லாம் 20 டிகிரியில் ஓடியது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அந்தக் கரண்டில் 9 வாட் எல்இடி பல்பு கிட்டத்தட்ட ஒரு வாரம் இரவு பகலாக எரியும். கணவர் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது மகனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்ததும் இதற்காகத்தான். 26 வைத்து மின்விசிறியும் போட்டால் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். அது பழுதானபோது வாங்கிய, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். கத்திரி வெயிலில் சில இரவு 22-க்கு இறக்குகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு 70 வயது. அந்த வெயிலில் அவர் தூங்க வேண்டும்.

'மக்கும்' என்ற எழுத்தை நம்பிவிடுவது

பேப்பர் கப் வெறும் காகிதமல்ல. டீ ஊறாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பிளாஸ்டிக் பூசிய கப்பும் பட்டியலில் இருந்தது. மக்கும் கவர் என்று விற்பதில் பல வகை, 60 டிகிரி வரை சூடேறும் பெரிய உர ஆலையில்தான் மக்கும். பால்கனி வாளியில் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டு விசேஷத்துக்கு வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். டம்ளரை வாடகைக்கு எடுக்கலாம்.

தப்பு செய்தவரைக் குற்றவாளி ஆக்குவது

ஒரு நாள் துவைப்பதற்காக மகனின் ஸ்கூல் பையை எடுத்தேன். அடி ஜிப்பில் மடித்து மடித்துக் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள், ஆறு. அந்த வகைப் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது, காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள் என்று நான்தான் அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். வெளியே போட்டால் பூமிக்குக் கெடுதல், வீட்டில் போட்டால் அம்மா திட்டுவாள். போட இடமில்லாமல் பையிலேயே ஒளித்து வைத்திருக்கிறான். அன்று நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சிங்க்குக்குக் கீழே இருக்கும் சாக்கு. யார் எதை வாங்கினாலும் அதில் போடலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து கொட்டி எண்ணுவோம். அப்படி எண்ணியபோதுதான் ஒன்று புரிந்தது. டப்பாக்களில் பாதிக்கு மேல் வியாழக்கிழமையில் வந்தவை. அன்று எனக்கு ஆபீஸ் முடிய எட்டு மணி, மகளுக்குப் பாட்டு கிளாஸ், கணவருக்கு லேட் ஷிப்ட். நாங்கள் போட்ட விதிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை தெம்பாக உட்கார்ந்து போட்டவை. களைத்து வரும் வியாழக்கிழமைக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

இப்போது புதன் இரவே மாவு அரைத்து வைத்துவிடுகிறோம். அதுவும் முடியாவிட்டால் முனையில் இருக்கும் மெஸ்ஸுக்குத் தூக்குச்சட்டி போகும். முதல் முறை நீட்டியபோது பரிமாறுகிற அண்ணன் யோசித்தார். இப்போது, "சட்டி எங்கம்மா?" என்று அவரே கேட்கிறார்.

போன வியாழக்கிழமை மாவும் இல்லை, தூக்குச்சட்டியும் எடுத்துப் போகவில்லை. பரோட்டா நான்கு டப்பாவில் வந்தது. சாப்பிட்டதும் மகன் டப்பாக்களைக் கழுவித் துடைத்துச் சாக்கில் போட்டான். அப்புறம் ஸ்கூல் பையைத் திறந்து, மடிக்காத ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து அதையும் மேலே வைத்தான்.