நகரமயமாதல் கட்டுரை: பி.டி.டி. தேர்வுக்குக் கூலிமிலிருந்தே பழகலாம்

பி.டி.டி. தேர்வில், அதாவது மலேசிய அரசின் நிர்வாக, அரசதந்திர அதிகாரித் தேர்வில், நகரமயமாதல் என்றதும் கோலாலம்பூர் நெரிசலைப் பற்றி எழுதத் தொடங்கிவிடாதீர்கள். நெரிசல் விளைவுதான், பொருளாதாரக் கட்டுரைக்குக் காரணம் முதலில் வேண்டும். கெடா மாநிலத்துக் கூலிம் பிள்ளைகளுக்கு உதாரணம் வாசலிலேயே கிடக்கிறது.

முதல் படி, வரையறை. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், அரசிதழில் அறிவித்த பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து குறைந்தது 10,000 பேர் இருக்க வேண்டும். அவர்களில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 60 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நகரவாசி ஆக எல்லாரும் பஸ் ஏற வேண்டியதில்லை! தோட்டம் விலைபோய், பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் தாமான் என்ற குடியிருப்பு எழும்பி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் பேக்டரி ஷிப்டுக்குப் போனால், இருந்த இடத்திலேயே நகரக் கணக்கில் சேர்ந்துவிடலாம். ஆக நகர மக்கள்தொகை கூடுவதற்கு மூன்று வழி: இடப்பெயர்வு, பிறப்பு, எல்லை மாற்றம் (இருந்த இடமே நகரக் கணக்கில் சேர்வது). பலர் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

அடுத்து எண்கள். இரண்டு போதும்: மலேசியாவில் நகர மக்களின் பங்கு 2010இல் 70.9 விழுக்காடு, 2020இல் 75.1.

மூன்றாவது, கோட்பாடு. விவசாயத்தில் மிஞ்சிய உழைப்பு தொழில்துறைக்கு நகரும் என்று பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954இல் விளக்கினார். ஹாரிஸ், டொடாரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1970இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: ஆள் பார்ப்பது சம்பளத்தை மட்டும் அல்ல, வேலை கிடைக்கும் வாய்ப்பையும். ஒரு பேச்சுக்கு, தோட்டத்தில் 1,800 ரிங்கிட் நிச்சயம். பட்டணத்தில் 3,000, ஆனால் வாய்ப்பு பாதிதான். எதிர்பார்ப்பு 1,500. அப்புறம் ஏன் கிளம்ப வேண்டும்? இந்தக் கணக்கைக் கட்டுரையில் போட்டுக் காட்டுங்கள்.

நான்காவது, உள்ளூர்ச் சான்று. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் வந்தது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் ஒரே பக்கம் கூடுவதற்குக் காரணம், பயிற்சி பெற்ற ஆளும் உதிரிப்பாக சப்ளையரும் அருகிலேயே கிடைப்பதுதான்.

பாதகத்தையும் எழுதுங்கள், ஆனால் புலம்பலாக வேண்டாம். தோட்டத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. தோட்டம் கைமாறினால் சம்பளமும் கூரையும் ஒன்றாகப் போகும். அதனால் வீட்டுடைமையைப் பரிந்துரையாக வைக்கலாம்.

சரி, முழுக் கட்டுரைக்கு இப்போதே பாயாதீர்கள். எல்லை மாற்றம் பற்றி ஒரே ஒரு பத்தி மலாய் மொழியில் எழுதி, வாத்தியார் யாரிடமாவது காட்டுங்கள்.