‘இல்’ என்றால் ‘இன்’ என்று யார் சொன்னது?

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் பாதி. அதில் நான் அதிகம் அடித்த சொல் எது என்று கேட்டால், ‘அபவுட்’. ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் த பட்ஜெட்’ என்றுதான் வரும். டிஸ்கஸ் என்ற வினைக்கு அபவுட் வேண்டாம். ‘டிஸ்கஸ் த பட்ஜெட்’ என்றாலே போதும். நமக்கோ ‘பட்ஜெட்டைப் பற்றி’ப் பேசித்தான் பழக்கம், அதனால் கை தானாக ஒரு ‘பற்றி’யைச் சேர்த்துவிடுகிறது. தமிழரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் தவறு என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

ஆங்கிலத்தில் முன்னால் வரும் சொல்லைத் தமிழில் பின்னால் ஒட்டுகிறோம் என்பதுதான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில நாளில் பழகிவிடும். உண்மையான சிக்கல், மனசுக்குள் நாம் வைத்திருக்கும் ஒரு வாய்ப்பாடு: கு என்றால் டு, இல் என்றால் இன், ஓடு என்றால் வித், மேல் என்றால் ஆன். பெட்டிக்குள் பேனா இருக்கும்வரை இந்த வாய்ப்பாடு ஒழுங்காக ஓடும். அதைத் தாண்டினால் தடுக்கி விழும்.

‘இல்’லையே பாருங்கள். பெட்டியில் என்றால் இன், மேசையில் என்றால் ஆன், ஸ்டேஷனில் நிற்கிறேன் என்றால் அட். காலையில் என்பதற்கு இன், இரவில் என்பதற்கு அட். கணக்கில் கெட்டி என்பவனை ‘குட் இன் மேத்ஸ்’ என்று எழுதுகிறோம். பொதுவாகச் சொல்வது ‘குட் அட்’. பஸ்ஸில் வந்தால் ஆன், காரில் வந்தால் இன். எழுந்து நடமாட இடமுள்ள வண்டி என்றால் ஆன் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவே வரும். (நம்ம ஊர் ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு எது என்று தெரியாது.) என் மேல் கோபம் என்பது ‘ஆங்க்ரி ஆன் மீ’ அல்ல, ‘ஆங்க்ரி வித் மீ’. இரண்டு வருஷமாக என்பது ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ அல்ல, ‘ஃபார் டூ இயர்ஸ்’. எந்த வருஷத்திலிருந்து என்று சொன்னால் மட்டும் சின்ஸ்.

இதற்கெல்லாம் ஒரு தர்க்கம் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் போதும் என்று தேடுவது அடுத்த தவறு. நாயைக் கண்டு பயப்படுவதை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘அவன் நாய்க்குப் பயப்படுவான்’. மலையாளத்தில் ‘நாயைப் பயம்’ என்பதுபோல இரண்டாம் வேற்றுமை. இந்தியில் ‘குத்தே ஸே டர்’, அதாவது நாயிலிருந்து பயம். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’. ஜெர்மனில் ‘ஃபோர்’, அதாவது நாய்க்கு முன்னால் பயம். நாயும் அதேதான், ஓடுகிற ஓட்டமும் அதேதான். இதில் எது சரியான தர்க்கம் என்பீர்கள்? நாம் சொல்கிற ‘நாய்க்குப் பயம்’ என்பதை, பயப்படுவது நாய்தான் என்றும் படிக்கலாம். நமக்கு ஒருநாளும் குழம்புவதில்லை.

உருபு பெயரோடு ஒட்டியிருந்தாலும் எது வரவேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வினை, அல்லது பயம், கோபம் போன்ற சொல். அதனால் ‘ஆன்’ என்றால் என்ன என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ‘டிபெண்ட் ஆன்’, ‘வெயிட் ஃபார்’ என்று ஜோடியாகவே, ஒரே சொல்போல, நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே உருபு பல பொருளில் வருவது நமக்குப் புதிதும் அல்ல. வேற்றுமைகள் ஒன்றோடொன்று மயங்குவதைச் சொல்லத் தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று தனி இயலே இருக்கிறது.

இந்தியில் நாம் சறுக்கும் இடம் வேறு. நமக்கு எழுவாய்க்கு உருபே கிடையாது. இந்தியிலோ செயப்படுபொருள் உள்ள வினை, செய்து முடித்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் வந்தால் எழுவாயோடு ‘நே’ ஒட்ட வேண்டும். ரொட்டி சாப்பிட்டதை ‘மை ரோட்டி காயா’ என்று சொல்லிச் சிரிப்பை வாங்கியவர்களில் நானும் ஒருவன். ‘மைனே ரோட்டி காயீ’ என்பதே சரி. சாப்பிட்டது ஆண் என்றாலும் வினை ரொட்டியின் பெண்பாலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ‘கொண்டுவந்தேன்’ போன்ற சிலவற்றுக்கு நே வராது, ‘மை லாயா’. விதிவிலக்கு, வேறென்ன சொல்ல.

ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ‘இன்’ (உள்ளே), ‘அவுஃப்’ (மேலே) உட்பட, பெயருக்கு முன்னால் வரும் 9 முன்னிடைச் சொற்கள், போவதற்கு ஒரு வேற்றுமையும் இருப்பதற்கு இன்னொரு வேற்றுமையும் கேட்கும். ‘இன் டீ ஷூலெ’ என்றால் பள்ளிக்கு, ‘இன் டேர் ஷூலெ’ என்றால் பள்ளியில். பள்ளிக்குப் போகிறேன், பள்ளியில் இருக்கிறேன் என்று குழந்தையிலிருந்தே பிரித்துப் பேசுகிற நமக்கு இது எளிது. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கும் ‘அவுஃப்’தான், அதுவும் போகிற வேற்றுமையில். நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லையே என்று வாதாடாதீர்கள். மேலே சொன்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ‘பஸ் மூலம் வந்தேன்’, ‘அந்தப் படத்தின் மீது என் கருத்து’, ‘இரண்டு ஆண்டுகளுக்காக இங்கே வசிக்கிறேன்’. பஸ்ஸில் வந்தால் போதாதா? கடைசித் தொடரில் ஆங்கில ‘ஃபார்’ அப்படியே ‘காக’ ஆகிவிட்டது, பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பின் புண்ணியத்தில். ஆங்கிலத்தில் தப்பு விட்டால் வெட்கப்படுகிறோம், தமிழில் இதை யாரும் திருத்துவதுகூட இல்லை.

தமிழுக்குள்ளேயே நான் வாங்கிக்கட்டிக்கொண்டது ஒன்று உண்டு. ஓர் ஈழத்து நேர்காணலை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ‘அவர் வேலையாலை இப்பத்தான் வந்தவர்’ என்றிருந்தது. ஆல் என்றால் காரணம்தானே என்று, ‘வேலை காரணமாக அவர் இப்போதுதான் வந்தார்’ என்று எழுதி அனுப்பினேன். யாழ்ப்பாணத்து நண்பர் படித்துவிட்டுப் போன் செய்தார். “வேலைக்குப் போன மனுசன் வேலையிலயிருந்து வீட்டை வந்திட்டார், அவ்வளவுதான்” என்றார்.